பிலிமத்தலாவையில் பழுத்த தக்காளி

கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகையைப் பார்ப்பார்கள், ஏரியைச் சுற்றி நடப்பார்கள், பேராதனைப் பூங்காவில் ஏதாவது ஒரு மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நான் போனது ஒரு தக்காளிச் செடிக்காக. விமான நிலையத்தில் வந்த காரணம் கேட்டபோது "சிநேகிதியைப் பார்க்க" என்றேன். அதுவும் பொய்யில்லை. சென்னைக் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த யாழ்ப்பாணத்துத் தவமணி இப்போது அம்பிட்டியவில் இருக்கிறாள். முழங்காலில் அறுவை முடிந்து படுத்திருந்தவள், வந்து ஒரு வாரம் தன்னோடு இருக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள். தக்காளி இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம் சாக்குச் சொல்லியிருப்பேன்.

தக்காளியின் கதை இதுதான். கோத்தகிரியில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஜெயராஜ், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஸ்டெல்லா போன வருடம் இறந்துபோனாள். ஸ்டெல்லா பிறந்தது கண்டி மஹய்யாவவில். சின்ன வயதில் பெற்றோரோடு கப்பலேறி இந்தியா வந்தபோது அவள் அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த விதை எங்கள் மலைக்குளிரிலும் பிடித்துக்கொண்டது. பூசணிக்காய் போல மடிப்பு மடிப்பாக, ஒரு பக்கம் கோணலாக, பழுத்த பிறகும் காம்பைச் சுற்றிப் பச்சை போகாமல் இருக்கும் பழம். இலையோ தக்காளி இலை மாதிரியே இருக்காது, உருளைக்கிழங்கு இலை மாதிரி அகலமாக இருக்கும். நான் தாவரவியல் பாடம் எடுத்துத் தலை நரைத்தவள். அது என்ன ரகம் என்று யாராவது கேட்டால் "ஸ்டெல்லா தக்காளி" என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

ஸ்டெல்லா இறந்த அந்த வருடம் மழை ஓயவில்லை. செடிகள் அத்தனையும் கருகல் நோயில் போயின. அவள் எடுத்து வைத்திருந்த விதையை, பத்திரமாக இருக்கட்டுமே என்று ஜெயராஜ் அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றியிருக்கிறார். அந்தச் சூட்டில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. நான் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு வகை வகையாக விதை வாங்கிக் கொடுத்தேன். கோணலாகக் காய்த்தது உண்டு, மடிப்போடு காய்த்தது உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு கடி கடித்துவிட்டு, "இது அவ தக்காளி இல்ல டீச்சர்" என்று வைத்துவிடுவார். சமையலறை ஜன்னலுக்குக் கீழே அவளுடைய பாத்தி வெறுமனே கிடந்தது. அதில் ஒரு கொத்தமல்லி போடக்கூட அவர் விடவில்லை.

நான் கண்டி போகிறேன் என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான். "மஹய்யாவல அவ சித்தப்பா பொண்ணு மேரி இருக்குது. அங்க இருக்கும் டீச்சர். இல்லாம எங்க போகும்?"

அம்பிட்டிய மேட்டில் முச்சக்கர வண்டி முனகி முனகி ஏறியது. எங்கள் ஊர் ஆட்டோக்காரராக இருந்தால் பாதி மேட்டில் நிறுத்தி இறங்கி நடக்கச் சொல்லியிருப்பார். தவமணி வாசலில் கதிரை போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இடியப்பமும் சொதியும் சம்பலும் மேசையில் மூடியிருந்தன. சொதியில் கிடந்த தக்காளித் துண்டைக் கரண்டியால் ஒதுக்கி நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டுவிட்டாள்.

"காலுக்குத் துணையாக் கூப்பிட்டா, நீர் என்ன தக்காளியை ஆராயிறீர்?"

கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அவளும் கணவரை இழந்தவள். "ஓம், நாளைக்கே போய்ப் பாரும். பின்னேரம் மழை வரும், அதுக்கு முன்னம் வந்திடும்" என்றாள்.

மறுநாள் மஹய்யாவவுக்குப் போகும் வழியில் சந்தைக்குள் ஒரு சுற்று வந்தேன். தக்காளி மலை மலையாகக் குவிந்திருந்தது. முட்டை வடிவம், கெட்டித் தோல், எறிந்தாலும் உடையாது. மேட்டுப்பாளையம் மண்டியில் இருப்பதும் இதேதான். கடல் தாண்டி வந்தும் அதே முகத்தைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

மேரிக்கு ஐம்பது வயதிருக்கும். தையல் வேலை செய்கிறவர். ஸ்டெல்லாவின் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறேன் என்றதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வாங்க, வாங்க. அக்கா கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அழுதார். பிறகு பால் விடாத பிளேன்டீ வந்தது, கூடவே மாலுபாண் என்கிற மீன் அடைத்த பன். அதைத் தின்றபடியேதான் தக்காளிப் பேச்சை எடுத்தேன்.

"சுருக்குத் தக்காளியா! அது எப்பயோ போயிருச்சுங்களே."

"விதை எடுத்து வைக்கலையா?"

மேரி என்னை விநோதமாகப் பார்த்தார். "அதுக்கு யாருங்க வெத எடுத்தா? சட்டிபான கழுவுற தண்ணி ஓடும்ல, அந்தக் கான் ஓரத்துல தானா மொளைக்கும். ஒரு வருஷம் நம்ம வாசல்ல, அடுத்த வருஷம் அடுத்த வீட்டு வாசல்ல. யாரு வேணும்னாலும் பறிச்சுக்குவோம். தண்ணிகூட ஊத்துனதில்ல."

கான் என்றால் சாக்கடை. வாசலில் இறங்கிப் பார்த்தேன். சுத்தமான சிமெண்டு வாய்க்கால், மேலே பலகை மூடி. ஒரு புல் முளைக்க வழியில்லை.

"நாங்கதான் நடையா நடந்து கேட்டுக் கட்டி வாங்குனோம்" என்றார் மேரி, சற்றுப் பெருமையோடு. "முன்ன மழ வந்தா அந்தத் தண்ணியெல்லாம் வீட்டுக்குள்ளதான். புள்ளைங்களுக்கு மாறி மாறிக் காய்ச்சல்."

எனக்குள் இருந்த டீச்சர் வாயைத் திறக்கப் பார்த்தாள், அடக்கினேன். வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் வராமல் இருக்க வேண்டும் என்று கேட்டதில் என்ன தப்பு? ஆனாலும் பலகை இடுக்கில் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று இன்னொரு முறை குனிந்து பார்த்தேன். அத்தனை வீடுகள் சேர்ந்து வளர்த்த செடி அது. தானாக வருவதால் யாருமே அதை வளர்ப்பதாக நினைக்கவில்லை.

எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மேரியின் தாத்தா வெள்ளைக்காரத் துரை பங்களாவில் தோட்ட வேலை செய்தவராம், அங்கிருந்து வந்ததாகச் சொல்வார்களாம். அந்தத் துரைக்கு எங்கிருந்து வந்ததோ. தென் அமெரிக்காவில் புறப்பட்ட பழம் யார் யார் கைமாறியோ இந்தக் கானோரத்துக்கு வந்து, இங்கிருந்து ஒரு சேலை முடிச்சில் கோத்தகிரிக்குப் போயிருக்கிறது. வம்சாவளி அதோடு நின்றுவிடும் போலிருந்தது.

நான் எழுந்துகொண்டபோது மேரி நெற்றியில் தட்டிக்கொண்டார். "ஃபரீதா லாத்தாகிட்ட இருக்குமோ? இங்கதான் பக்கத்து வீட்டுல வாடகைக்கு இருந்தாங்க. பிலிமத்தலாவையில கட போட்டுப் போறப்ப ஒரு கன்னு புடுங்கிட்டுப் போனாங்க. மெயின் ரோட்டுலயே ஹாட்வெயார் கட. ரஸீன் நானா கடன்னு கேளுங்க."

லாத்தா என்றால் அக்காவாம், நானா என்றால் அண்ணனாம். புதன்கிழமை காலை பஸ் நிலையத்தில் நடத்துநர் "கொழும்பு, கொழும்பு" என்று கூவிக்கொண்டிருந்தார். பிலிமத்தலாவை கொழும்பு ரோட்டில்தானே இருக்கிறது என்று ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். அது கடுகதி பஸ், சின்ன ஊர்களில் நிற்காது என்பது, பித்தளை விளக்குக் கடைகளும் பிலிமத்தலாவைப் பெயர்ப்பலகையும் என் கண் முன்னே ஓடியபோதுதான் தெரிந்தது. நான் எழுந்து நின்று தமிழில் கத்தினேன். பக்கத்தில் இருந்த பெண்மணி சிங்களத்தில் ஏதோ சொன்னார். முன் இருக்கைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார்: "கடுகண்ணாவையில் இறக்கிவிடும்படி நடத்துநரிடம் சொல்கிறாராம், நீங்கள் உட்காருங்கள், விழுந்து வைக்காதீர்கள் என்கிறார்." நம் ஊரில் இந்நேரம் பஸ்ஸே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டிருக்கும். கடுகண்ணாவையில் இறங்கி, முச்சக்கர வண்டி பிடித்து, வந்த வழியே திரும்பினேன்.

ரஸீன் நானா பெயிண்ட் டின்களுக்கும் பைப்புகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். மேரி பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. தக்காளி என்றதும் குழப்பமானார், பிறகு சிரித்தார். "அந்தக் கோணத் தக்காளியா? ஊட்டுக்குப் பொறத்தால உழுந்து மொளச்ச ஒரு மரம் ஈக்கிது. வாங்க."

ஈக்கிது என்றால் இருக்கிறது. கடைக்குப் பின்னால் மேட்டில் வீடு. அவர் மனைவி ஃபரீதா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கொல்லைப்புறம் கூட்டிப்போனார். கோழிக்கூட்டை ஒட்டி, ஒரு துண்டு பைப்பில் கட்டிவிட்டிருந்த செடி. அடி இலைகள் கருகிவிட்டன, மழையில் நோய் பிடித்திருக்கிறது. மேலே அகலமான இலைகள். நடுவே நான்கைந்து காய்கள், மடிப்பு மடிப்பாக, கோணலாக. எல்லாமே அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தன.

அகலமான ஒரு இலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இந்த வயதில் ஒரு செடியைப் பார்த்து இப்படி ஆவேன் என்று நினைக்கவில்லை. அங்கேயே நின்று ஜெயராஜை அலைபேசியில் கூப்பிட்டேன்.

"எல உருளக்கெழங்கு மாதிரியா டீச்சர்?"

"ஆமா."

"காம்பச் சுத்திப் பச்சயா?"

"ஆமா, ஜெயராஜ்."

மறுமுனையில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் பாத்தியக் கொத்தி வெக்கிறேன்" என்றார்.

பழத்தை அப்போதே பறித்திருக்கலாம். விதைக்கு நன்றாகப் பழுத்த பழம்தான் வேண்டும், செடியிலேயே பழுத்தால் இன்னும் உத்தமம் என்று கணக்குப் போட்டேன். பறித்துத் துணியில் சுற்றி வைத்தாலும் அது பழுத்திருக்கும். இதை எத்தனை வகுப்புகளில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! ஆனால் எனக்குக் குறையில்லாத விதை வேண்டும். அந்தப் பேராசைதான் கெடுத்தது.

ஃபரீதாவிடம் சொன்னேன்: "இந்தப் பழம் பூரா எனக்கு வேணும். யாருக்கும் குடுத்துடாதீங்க. நல்லாப் பழுக்கட்டும், வெள்ளிக்கிழமை வர்றேன்."

"இந்தத் தக்காளிக்காகவா இந்தியாவுல ஈந்து வந்த?" ஃபரீதாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வந்தேன், வந்தீர்கள் எல்லாமே அவர் பேச்சில் 'வந்த'தான்.

"இதுக்காகத்தான்."

"அப்ப வெள்ளிக்கெழம பகல் சாப்பாடு எங்கட ஊட்டுல. வராம ஈக்கப் படாது."

நான் பேசியதில் விதை என்ற சொல்லே வரவில்லை. எனக்குத் தக்காளி என்றாலே விதைதான். பழம் அதைச் சுற்றியிருக்கும் உறை. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

வியாழன் முழுக்க மழை. தவமணி படுக்கையிலிருந்தே பழைய சிநேகிதர்களுக்குத் தொலைபேசி போட்டு, விதை கொண்டுபோக என்னென்ன அனுமதி, எங்கே சோதனை என்று விசாரித்து வைத்தாள். நான் விதை உலர்த்த மெல்லிய தாள் வெட்டினேன். "கலியாண வீடு மாதிரியெல்லோ கிடக்குது" என்றாள்.

வெள்ளிக்கிழமை சரியான பஸ்ஸில் ஏறி, சரியான இடத்தில் இறங்கினேன். ஜும்ஆ தொழுகை முடிந்து ரஸீன் நானா வெள்ளைத் தொப்பியோடு கடைவாசலில் காத்திருந்தார். வீட்டு முற்றம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி பெருக்கியிருந்தது. உள்ளே பாயில் பெரிய சகன், நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவதற்கானது. ஃபரீதாவும் அவர் மருமகளும் நானும் சுற்றி உட்கார்ந்தோம். நெய்ச்சோறு, கோழி, கத்தரிக்காய், மாசிச் சம்பல். எல்லாவற்றுக்கும் நடுவே, எனக்கு நேர் எதிராக, ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதில் தேங்காய்ப்பாலில் மினுமினுத்த தக்காளிக் கறி. கோண வளைவுகள் இன்னும் தெரிந்தன.

"நல்லாப் பழுத்தீந்திச்சி. நீங்க சொன்ன மாதிரி ஒரு பழம்கூட ஆருக்கும் குடுக்கல்ல" என்றார் ஃபரீதா.

கிண்ணத்தைக் கரண்டியால் ஒரு கிளறு கிளறிப் பார்த்தேன். பிறகு, ஏதோ சமையல் குறிப்புக் கேட்கிறவள் மாதிரி, "விதை இல்லாமச் செஞ்சிருக்கீங்களே" என்றேன்.

"எங்கட இவருக்குக் கிட்னில கல்லு. கொட்டய எடுத்திட்டுத்தான் எப்பவும் ஆக்குற."

"அதை என்ன பண்ணீங்க?"

"கோழிக்குப் போட்ட."

கை கழுவுகிற சாக்கில் கொல்லைப்புறம் போனேன். கோழிகள் ஈர மண்ணை ஒரு அங்குலம் விடாமல் கிளறிக்கொண்டிருந்தன. செடி இருந்த இடத்தில் செடி இல்லை, பைப்பும் இல்லை. ஒரு கிளை கிடைத்திருந்தால்கூட வேர் விட வைத்திருப்பேன். பின்னாலேயே வந்த மருமகள், "ஆள் வாற ஊடு, கருகின மரம் நிக்க அசிங்கமெண்டு மாமா வேலிக் குப்பையோட சேத்து எரிச்சிட்டாங்க" என்றாள்.

எனக்காகப் பழுக்கவைத்து, எனக்காக ஆக்கி, எனக்காக முற்றத்தைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். யார் மேல் கோபப்படுவது? என் மேல் பட்டேன். திரும்பி வந்து சகன் முன்னால் உட்கார்ந்தேன். ஃபரீதா தன் கையாலேயே கறியை என் பக்கத்துச் சோற்றில் போட்டார்.

நல்ல புளிப்பு. கடைத் தக்காளியின் புளிப்பு நாக்கு நுனியோடு நின்றுவிடும். இது மெல்ல வந்து, தொண்டைக்குப் போகும்போது இனிப்பாகத் திரும்பியது. என் வாழ்நாளில் சாப்பிட்ட மிகச் சிறந்த தக்காளி அதுதான். 

"எப்பிடி டீச்சர்?"

"இதுக்குத்தான் வந்தேன்" என்றேன். ஃபரீதா மருமகளைப் பார்த்த பார்வையில் அவ்வளவு சந்தோஷம். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இனிப்புக்கு வட்டிலப்பமும் சாப்பிட்டு விடைபெறும்போது ஒரு பழைய ஜாம் போத்தலைக் கையில் வைத்தார். "பாதிப் பழத்தில சட்னி போட்ட. ஊட்டுல ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்கும் குடுங்க." வினிகரும் பட்டையும் போட்டுக் காய்ச்சி, வடித்து, விதையின் நிழல்கூட இல்லாமல் கண்ணாடி போல இருந்தது.

தவமணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, விதைக்கெண்டு." அதற்கு மேல் அவள் திட்டவில்லை. விமான நிலையத்தில் பெட்டிக்குள் இருந்த சட்னியை யாரும் என்னவென்று கேட்கவில்லை.

கோத்தகிரியில் ஜெயராஜ் பாத்தியைக் கொத்தி, சாம்பலும் எருவும் போட்டு, குருவி இறங்காமல் இருக்க வலையும் கட்டியிருந்தார். அதைப் பார்த்தபடியே நின்றுகொண்டு நடந்ததைச் சொன்னேன். அவர் வலையின் ஒரு மூலையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்க் கரண்டி எடுத்து வந்தார்.

சட்னியை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "வினிகர் போட்டிருக்காங்க. பட்ட போட்டிருக்காங்க. ஆனா அடியில ஒரு புளிப்பு இருக்குதே..." என்று நிறுத்தினார். "இதுதான் டீச்சர். அவ தக்காளி இதுதான்."

எத்தனையோ ரகங்களைக் கொடுத்தும் கிடைக்காத சான்று கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "ஃபரீதாவுக்குப் போன் போட்டுச் சொல்றேன். கோழிக்குத் தப்பி ஒரு விதை முளைச்சாலும் முளைக்கும். பார்த்து எடுத்து வைக்கச் சொல்லலாம்" என்றேன்.

"எதுக்குன்னு கேப்பாங்கல்ல?"

"கேட்டா உண்மையைச் சொல்றது."

"வேணாம் டீச்சர்." அவர் கரண்டியைத் துடைத்தார். "ஆசையா ஆக்கிப் போட்டிருக்காங்க. அது தப்பாப் போச்சுன்னு அவங்க காதுல விழ வேணாம்."

இரண்டு நாள் கழித்து ஃபரீதாவே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். சுகமாகப் போய்ச் சேர்ந்தேனா, சட்னியை யாருக்குக் கொடுத்தேன் என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஜெயராஜ் கை நீட்டி அலைபேசியை வாங்கிக்கொண்டார்.

"எனக்குத்தாங்கம்மா குடுத்தாங்க. ரொம்ப நல்லா இருந்துச்சு. என் சம்சாரம் ஆக்குன மாதிரியே இருந்துச்சு."

"மாஷா அல்லாஹ்!" ஃபரீதாவின் குரல் எனக்கே கேட்டது. "அப்ப அடுத்த முற டீச்சர் வந்தா ரெண்டு போத்தல் செஞ்சி தாற."

"சரிங்கம்மா" என்றார் ஜெயராஜ். "டீச்சர அனுப்பி வெக்கிறேன்."